ரத்தத்தில் வெள்ளம், செல்லுக்குள் வறட்சி

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 36. சிவகாசிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஒல்லியான உடம்பு. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் ரத்தம் எடுத்துப் பார்த்து எல்.டி.எல். கொலஸ்ட்ரால் 241 என்றார்கள். ஆறு மாதம் முட்டை, நெய், தேங்காய், பொரித்த பண்டம் எல்லாவற்றையும் நிறுத்தினேன். இப்போது 224. எங்கள் ஊர் டாக்டர் ரோசுவாஸ்டாட்டின் 20 எழுதிக் கொடுத்து, வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும் என்கிறார். மூன்று வாரமாக மாத்திரை பீரோவில் கிடக்கிறது. என் அப்பா 44 வயதில் மாரடைப்பில் இறந்தார். அத்தைக்கு 52 வயதில் பைபாஸ் நடந்தது. அவர்தான் என் மாமியாரும். ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே அளந்து சரிசெய்துகொள்ளும் என்று படித்தேன். அப்படியானால் என் செல்களுக்கு என்ன வந்தது? நான் சாப்பிடாத கொழுப்பு எங்கிருந்து வருகிறது? மாத்திரை ஈரலைக் கெடுத்துவிடாதா? காரணம் புரியாமல் விழுங்க மனம் வரவில்லை. எனக்கு ஒரே மகன், 9 வயது.

பதில்:

டீச்சர், வணக்கம்.

நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றது. அத்தைதான் மாமியார் என்கிற வரி. அதைக் கடைசியில் பேசுவோம். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. காரணம் புரியாமல் மாத்திரை போட மாட்டேன் என்கிறீர்கள். தப்பில்லை. ஆனால் காரணம் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் படித்தது உண்மைதான். செல் தனக்கான கொழுப்பைத் தானே அளந்துகொள்கிறது. உங்கள் செல்களும் அந்த வேலையை ஒழுங்காகத்தான் செய்கின்றன. அவை அளக்கிற இடம்தான் விஷயம். செல் தனக்குள்ளே இருப்பதைத்தான் அளக்கும். வெளியே, ரத்தத்தில் எவ்வளவு ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள 224 என்ற எண் லேப்காரருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். உங்கள் ஈரலுக்குத் தெரியாது.

முதலில் செல்லுக்குக் கொலஸ்ட்ரால் எதற்கு என்று பார்க்கலாம். மார்கழி மாதம் காலையில் அலமாரியைத் திறந்தால் தேங்காய் எண்ணெய் பாட்டில் வெள்ளையாக உறைந்து கிடக்கும். பக்கத்திலேயே நல்லெண்ணெய் பாட்டிலைச் சாய்த்தால் எண்ணெய் ஓடும். இரண்டும் கொழுப்புதான். ஒன்றில் கொழுப்புச் சங்கிலிகள் நேராக இருப்பதால் விறகுக் கட்டு மாதிரி நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. மற்றதில் சங்கிலிகள் வளைந்திருப்பதால் அடுக்கில் நிற்காமல் வழுக்குகின்றன. நம் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வும் இப்படிப்பட்ட கொழுப்பால் ஆனதுதான். அது உறையவும் கூடாது, தண்ணியாக ஓடவும் கூடாது. அந்த நடுநிலையைக் காப்பாற்ற இடையிடையே செருகிய ஆப்பு மாதிரி உட்கார்ந்திருப்பது கொலஸ்ட்ரால். செல்லின் வெளிச்சவ்வில் மூன்று கொழுப்பு மூலக்கூறுகளுக்கு ஒன்று ஏறக்குறைய கொலஸ்ட்ரால்தான். குறைந்தால் சவ்வு கசியும். கூடினால் விறைத்துப்போகும், அதற்கும் மேலே போனால் படிகமாகி செல்லையே குத்திக் கொல்லும். பித்த அமிலமும் வைட்டமின் டி-யும் சில ஹார்மோன்களும் இதிலிருந்துதான் வருகின்றன. ஆக, கொலஸ்ட்ரால் என்றாலே விஷம் என்று நினைக்க வேண்டாம்.

இவ்வளவு முக்கியமான சரக்கை, நாம் என்ன சாப்பிடுவோம் என்று நம்பி உடம்பு விட்டுவைக்குமா? அதனால் தானே செய்துகொள்கிறது. ஒரு நாளைக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக. ஒரு முட்டை மஞ்சள் கருவில் சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது, அதிலும் பாதிதான் குடலில் உறிஞ்சப்படும். மூலப்பொருள் இரண்டே கார்பன் உள்ள ஒரு சின்னத் துண்டு. அரிசியிலிருந்தும் வரும், எண்ணெயிலிருந்தும் வரும், நேற்று நீங்கள் சாப்பிட்ட இட்லியிலிருந்தும் வரும். அந்தத் துண்டுகளை ஒட்டி ஒட்டி, முப்பது படிகளில் கொலஸ்ட்ராலாக்கிவிடும் செல். நீங்கள் சாப்பிடாத கொழுப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்: நீங்களே செய்தீர்கள்.

செய்வது ஒரு வழி. ரத்தத்தில் மிதந்து வருவதை எடுத்துக்கொள்வது இன்னொரு வழி. கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது, அதனால் ரத்தத்தில் அது எல்.டி.எல். என்ற உருண்டைக்குள் அடைபட்டுத்தான் பயணம் செய்கிறது. ஒரு உருண்டையின் வயிற்றில் சுமார் 1,500 கொலஸ்ட்ரால் எஸ்டர் மூலக்கூறுகள், அதாவது கொழுப்பு அமிலத்தோடு சேர்த்துக் கட்டிய கொலஸ்ட்ரால். அந்த உருண்டையைப் பிடித்து உள்ளே இழுக்க செல்லின் மேல்பரப்பில் கொக்கிகள் இருக்கின்றன. புத்தகத்தில் எல்.டி.எல். ஏற்பி என்று இருக்கும். நான் கதவு என்றே சொல்கிறேன். ஒரு கதவு உருண்டையோடு உள்ளே போய், அதை இறக்கிவிட்டு, மேலே திரும்பி வர ஏறக்குறைய பத்து நிமிடம். ஒரு நாளுக்குக் கொஞ்சம் குறைவான தன் ஆயுளில் நூறு நடைக்கு மேல் போய் வரும். ரத்தத்திலிருந்து எல்.டி.எல். வெளியேறுவதில் பெரும்பங்கு, ஈரல் செல்களில் உள்ள இந்தக் கதவுகள் வழியாகத்தான்.

இப்போது அளவுகோலுக்கு வருவோம், உங்களுக்குப் பிடிக்கும். செல்லின் கொலஸ்ட்ராலில் பாதிக்கு மேல் வெளிச்சவ்வில்தான் இருக்கிறது. அங்கேயே அளக்கலாமே என்று தோன்றும். செல் அப்படிச் செய்வதில்லை. எண்டோபிளாச வலை என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் படம் போடுவார்களே, அங்கே போய் அளக்கிறது. செல்லின் மொத்தக் கொலஸ்ட்ராலில் நூற்றில் ஒரு பங்குகூட அங்கே கிடையாது. ஏன் அங்கே? வங்கியில் பத்து லட்சம் இருப்பவருக்கு ஆயிரம் ரூபாய் குறைந்தால் கண்ணில் படாது. சட்டைப்பையில் இரண்டாயிரம் வைத்திருப்பவருக்கு ஆயிரம் குறைந்தால் உடனே தெரியும். குறைவாக இருக்கும் இடத்தில் அளந்தால் சின்ன மாற்றமும் பெரிதாகத் தெரியும். இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம் வரும்.

அந்த வலையின் சவ்வில் ஸ்ரெப்-2 என்ற புரதம் கட்டிப்போட்ட மாதிரி கிடக்கிறது. அதற்குத் துணையாக ஸ்காப் என்று இன்னொன்று. சவ்வில் கொலஸ்ட்ரால் போதுமான அளவு இருந்தால் ஸ்காப்பின் வடிவம் மாறும், இன்சிக் என்ற மூன்றாவது ஆள் அதைப் பிடித்து நிறுத்திக்கொள்வார். யாரும் எங்கேயும் போக மாட்டார்கள். கொலஸ்ட்ரால் குறைந்தால் பிடி விடும். ஸ்காப், ஸ்ரெப்பைக் கையைப் பிடித்து, செல்லுக்குள் சரக்கைப் பிரித்து அனுப்பும் இடமான கோல்கை உறுப்புக்குக் கூட்டிப்போகும். அங்கே இரண்டு கத்தரிகள், அதாவது புரதத்தை நறுக்கும் நொதிகள், ஒன்றன்பின் ஒன்றாக வெட்டும். வெட்டுப்பட்ட துண்டு நியூக்ளியசுக்குள் போய், கொலஸ்ட்ரால் செய்கிற மரபணுக்களையும் கதவு செய்கிற மரபணுவையும் ஒரே நேரத்தில் தட்டி எழுப்பும். செய்வதும் கூடும், வாங்குவதும் கூடும். இந்த மாற்றம் மெல்ல மெல்ல நடப்பதில்லை. வலையின் சவ்வில் உள்ள கொழுப்பு மூலக்கூறுகளில் கொலஸ்ட்ரால் 5 விழுக்காட்டைத் தாண்டினால் சட்டென்று நிற்கிறது, கீழே இறங்கினால் சட்டென்று தொடங்குகிறது. கிட்டத்தட்ட உங்கள் படிச் சார்பு வரைபடம்தான்.

மிஞ்சிப்போனால் என்ன செய்யும்? கொஞ்சத்தை எஸ்டராக்கி எண்ணெய்த் துளியாகச் சேர்த்து வைக்கும். கொஞ்சத்தை, கொலஸ்ட்ராலை ஈரலுக்குத் திருப்பி எடுத்துப்போகும் எச்.டி.எல். உருண்டையிடம் கொடுத்து அனுப்பும். இப்போதைக்கு இது போதும்.

இந்தக் கணக்கில் உங்கள் குடும்பத்தில் எங்கே பிசகியது என்பதை, உங்களைப் பார்க்காமலேயே ஐம்பது வருடத்துக்கு முன்னால் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் 800, 1,000 என்று இருந்த, பத்துப் பதினைந்து வயதிலேயே மாரடைப்பு வரக்கூடிய குழந்தைகளின் தோலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து, அந்தச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். சாதாரண மனிதரின் தோல் செல்களைப் பக்கத்துத் தட்டில் வைத்தார்கள். சாதாரண செல்லுக்கு எல்.டி.எல். ஊற்றினால், அது கொலஸ்ட்ரால் செய்வதை நிறுத்திவிட்டது. வெளியே கிடைக்கும்போது வீட்டில் எதற்கு அடுப்பு மூட்ட வேண்டும்? நியாயம்தானே. நோயுள்ள செல்லுக்கு எல்.டி.எல். ஊற்றினார்கள். அது கண்டுகொள்ளவே இல்லை. தயாரிப்பின் முக்கியப் படியான எச்.எம்.ஜி. கோஏ ரிடக்டேஸ் நொதி, சாதாரண செல்லைவிட 40 முதல் 60 மடங்கு வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தில் இரண்டு விளக்கம் சாத்தியம். ஒன்று, நிறுத்தும் ஸ்விட்ச் கெட்டுவிட்டது. இரண்டு, ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது, செய்திதான் உள்ளே போகவில்லை. எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? நீங்களே ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

அவர்கள் எல்.டி.எல். உருண்டையை ஒதுக்கிவைத்தார்கள். வெறும் கொலஸ்ட்ராலை ஆல்கஹாலில் கரைத்து ஊற்றினார்கள். அப்படி ஊற்றினால் கதவு தேவையில்லை, சவ்வு வழியாகவே உள்ளே புகுந்துவிடும். நோயுள்ள செல் உடனே தயாரிப்பை நிறுத்திவிட்டது. சாதாரண செல் எப்படி நிறுத்துமோ அதேபோல. ஸ்விட்ச் பழுதில்லை, கதவுதான் இல்லை! கதவு என்று ஒன்று இருக்கிறது என்பதே அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 1985 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் ஊரில் மழை வெளுத்து வாங்கி, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் வரும் குழாய் அடைத்திருக்கிறது. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் இறங்கிவிட்டது. தொட்டிக்குள் இருக்கும் மிதவைக்குத் தெரு தெரியுமா? தொட்டி காலி என்று அது சொல்ல, போர் மோட்டார் தானாக ஓட ஆரம்பிக்கும். தெருவில் வெள்ளம், வீட்டில் மோட்டார் சத்தம். மிதவையைக் குறை சொல்ல முடியுமா? உங்கள் ஈரலில் நடப்பது இதுதான்.

கதவு செய்யும் மரபணு நம் ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. அந்தக் குழந்தைகளுக்கு இரண்டுமே கெட்டிருந்தது. உங்களுக்கு அநேகமாக ஒன்று, உங்கள் அப்பாவிடமிருந்து வந்தது. அதனால் கதவுகள் பாதி. சாதாரணமாக இரண்டரை நாளில் ரத்தத்தைவிட்டுப் போக வேண்டிய எல்.டி.எல். உருண்டை, உங்கள் ரத்தத்தில் அதற்கு மேலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. குடும்பவழிக் கொலஸ்ட்ரால் என்று இதைச் சொல்வோம். அபூர்வமான நோய் என்று நினைத்துவிடாதீர்கள். ஏறக்குறைய 250 பேருக்கு ஒருவர். ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்றால் நான்கு பேர், கணக்கு உங்களுக்கே தெரியும். எல்.டி.எல். 190க்கு மேல், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு என்ற இரண்டும் சேர்ந்தாலே நாங்கள் இதைத்தான் முதலில் நினைப்போம். உங்கள் டாக்டரும் அதைத்தான் நினைத்திருக்கிறார், விளக்கிச் சொல்ல நேரம் கிடைத்திருக்காது.

ஒரு வேலை செய்யுங்கள். குதிகாலுக்கு மேலே, பின்பக்கம் கயிறு மாதிரி ஓடுகிறதே, பலரும் குதிகால் நரம்பு என்பார்கள், அதை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். தடித்து, முண்டும் முடிச்சுமாக இருந்தால் கொலஸ்ட்ரால் படிந்திருக்கிறது என்று பொருள். இல்லையென்றாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் அப்பாவின் பழைய போட்டோவில் கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிகிறதா என்றும் பாருங்கள். நாற்பது வயசுக்காரருக்கு அது இருந்திருந்தால் அது ஒரு சாட்சி.

ரத்தத்தில் கூடுதலாக ஓடினால் ஓடிவிட்டுப் போகட்டுமே, என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். எல்லாச் செல்லும் கதவை அளந்து திறக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மேக்ரோபேஜ் என்னும் குப்பை அள்ளும் செல். ரத்தக்குழாயின் சுவருக்குள் புகுந்து, அங்கே நாள்பட்டுக் கெட்டுப்போன எல்.டி.எல்.-ஐ அது வேறொரு வகைக் கதவால் அள்ளிக்கொள்கிறது. அந்தக் கதவுக்கும் ஸ்ரெப்புக்கும் சம்பந்தம் கிடையாது. உள்ளே எவ்வளவு நிரம்பினாலும் மூடாது. மற்ற செல்கள் போதும் என்று சொல்லத் தெரிந்தவை, இதற்கு மட்டும் அந்த வார்த்தை தெரியாது. எண்ணெய்த் துளிகளாக அடைத்துக்கொண்டு ஊதிப்போய், நுண்ணோக்கியில் பார்த்தால் சோப்பு நுரை மாதிரி தெரியும். பெயரே நுரைச்செல் என்றுதான் வைத்திருக்கிறார்கள். அவை சேர்ந்து, செத்து, குழாய்ச் சுவரில் மெத்தை கட்டுகின்றன. ஒருநாள் அந்த மெத்தை வெடித்து, மேலே ரத்தம் உறைந்தால் மாரடைப்பு. 44 வயதில் அப்பாவுக்கு நடந்தது அன்றைக்குத் தொடங்கியது அல்ல. பிறந்த நாளிலிருந்து கூடிக்கொண்டே வந்த கூட்டுத்தொகை அது.

சரி, மாத்திரை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. டோக்கியோவில் அகிரா எண்டோ என்ற வேளாண் குடும்பத்துப் பிள்ளை ஒரு மருந்து நிறுவனத்தில் பூஞ்சைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒன்றையொன்று ஒழிக்கப் போராடும் நுண்ணுயிர்கள், எதிரியின் கொலஸ்ட்ரால் போன்ற சரக்கைத் தடுக்க ஏதாவது ரசாயனம் சுரக்காமலா இருக்கும் என்பது அவர் கணக்கு. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளைச் சோதித்தார். 1973 இல் விடை கிடைத்தது, கியோட்டோவின் தானியக் கடை ஒன்றிலிருந்து வந்த அரிசியில் பூத்த நீலப்பச்சைப் பூஞ்சையில். நம் வீட்டில் மழைக்காலத்தில் அரிசி பூத்தால் தூக்கிக் குப்பையில் கொட்டுவோம். உங்கள் ரோசுவாஸ்டாட்டின் சேர்ந்த ஸ்டாட்டின் மருந்து வகையில் முதலாவது அதிலிருந்துதான் வந்தது. எலிக்குக் கொடுத்தபோது கொலஸ்ட்ரால் குறையவே இல்லை, திட்டமே கைவிடப்படும் நிலை. கோழிக்குக் கொடுத்தபோது குறைந்தது. முட்டைக்கோழி இல்லாவிட்டால் இந்த மருந்தே இல்லை. முட்டையைத் தள்ளிவைத்திருக்கும் உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஸ்டாட்டின், அந்த ரிடக்டேஸ் நொதியை அடைக்கிறது. தயாரிப்பு குறைவதால் ரத்தத்திலும் குறைகிறது என்று பலரும் நினைப்பது பாதி உண்மைதான். முக்கால்வாசி வேலை வேறு வழியில் நடக்கிறது. தயாரிப்பு குறைந்ததும் ஈரல் செல்லுக்குள் கொலஸ்ட்ரால் இறங்குகிறது. எண்டோபிளாச வலையில் 5 விழுக்காட்டுக் கோட்டுக்குக் கீழே போகிறது. ஸ்ரெப் கிளம்புகிறது. கதவு மரபணு எழுகிறது. உங்களிடம் நல்ல பிரதி ஒன்று இருக்கிறது அல்லவா, அது இருமடங்கு வேலை செய்து கதவுகளைக் கூட்டுகிறது. கதவுகள் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐ இழுக்கின்றன. போர் மோட்டாரை நிறுத்திவிட்டோம், தொட்டி காலி, வேறு வழியில்லாமல் வீட்டுக்காரர் அடைபட்ட குழாய்க்குப் பக்கத்தில் புதுக் குழாய் போட்டுத் தெருத் தண்ணீரை உள்ளே விடுகிறார். மாத்திரை உங்கள் செல்லைப் பட்டினி போடுகிறது, செல் தன் ஒழுங்கு மாறாமல் அதற்குப் பதில் சொல்கிறது. செல் கெட்டிருந்தால் இந்த மருந்து வேலையே செய்யாது.

இதற்கு நேர்மாறான சாட்சியும் இருக்கிறது. இரண்டு பிரதியும் அடியோடு கெட்ட குழந்தைகளுக்கு ஸ்டாட்டின் பெரிதாகப் பலன் தராது, எழுப்ப மரபணு இல்லையே. 1984 இல் அப்படிப்பட்ட ஆறு வயதுச் சிறுமிக்கு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இதயத்தோடு ஈரலையும் மாற்றினார்கள். ஆயிரத்தைத் தாண்டியிருந்த கொலஸ்ட்ரால் சில வாரங்களில் 300க்குக் கீழே இறங்கியது. கதவுகள் ஈரலில்தான் பெரும்பாலும் இருக்கின்றன என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

ஈரலைக் கெடுக்குமா என்ற பயத்துக்கு வருகிறேன். ஈரல் நொதிகள் சிலருக்குக் கொஞ்சம் ஏறும், பெரும்பாலும் தானே இறங்கும். நிஜமான ஈரல் பாதிப்பு மிக அரிது. தொடங்குவதற்கு முன்னால் ஒருமுறை, மூன்று மாதத்தில் ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொண்டால் போதும். தசைவலி பற்றி நிறையப் பேர் சொல்வார்கள். ஸ்டாட்டினால் வலி என்று நிறுத்தியவர்களிடம், இங்கிலாந்தில் ஒரு வருடம் மாறி மாறி ஒரு மாதம் ஸ்டாட்டின், ஒரு மாதம் வெற்று மாத்திரை, ஒரு மாதம் ஒன்றுமே இல்லை என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2020 இல் வந்த முடிவில், ஸ்டாட்டின் மாதத்தில் வந்த தொந்தரவில் தொண்ணூறு விழுக்காடு வெற்று மாத்திரை மாதத்திலும் வந்திருந்தது. வலி பொய் என்று நான் சொல்ல மாட்டேன், வலி நிஜம், காரணம்தான் வேறு. ஆனால் தொடை, தோள் கடுமையாக வலித்து, சிறுநீர் கறுப்பாகப் போனால் அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருப்பவர்களுக்கு அது கொஞ்சம் முந்தி வரலாம் என்பதும் உண்மைதான். உங்கள் விஷயத்தில் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒன்று மட்டும் முக்கியம்: இரண்டாவது குழந்தை பற்றி யோசனை இருந்தால் மாத்திரை தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். கருத்தரிக்கத் திட்டமிடும்போதும் கர்ப்பக் காலத்திலும் பொதுவாக இதை நிறுத்திவிடுவோம்.

ஆறு மாதப் பத்தியம் வீணா? இல்லை. 241 லிருந்து 224, பதினேழு பாயிண்ட், 7 விழுக்காடு. நெய், பாமாயில், தேங்காய் எண்ணெய் போன்ற உறைகிற கொழுப்பு அதிகமானால் ஈரலில் கதவுகள் குறையும். நீங்கள் அதைத் தவிர்த்ததால் கிடைத்த லாபம் அது. தேங்காயில் கொலஸ்ட்ரால் துளியும் கிடையாது, எந்தத் தாவர எண்ணெயிலும் கிடையாது. "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று எண்ணெய் பாக்கெட்டில் பெரிதாக அச்சடிப்பது, எங்கள் அரிசியில் எலும்பு இல்லை என்று விளம்பரம் செய்வது மாதிரி. இட்லிக்கு ஒரு கரண்டி தேங்காய்ச் சட்னி சாப்பிடுங்கள், பாவமில்லை. முட்டையும் வாரத்துக்கு இரண்டு மூன்று சாப்பிடலாம். தினமும் பாமாயிலில் பொரித்த வடையும் பேக்கரி பஃப்ஸும்தான் வேண்டாம். கொள்ளு, பயறு, வெந்தயம், ஓட்ஸ் நல்லது. ஏன் தெரியுமா? ஈரல் கொலஸ்ட்ராலைப் பித்தமாக்கிக் குடலுக்குள் விடுகிறது, அதில் தொண்ணூற்றைந்து விழுக்காடு திரும்ப உறிஞ்சப்பட்டு ஈரலுக்கே வந்துவிடும். இந்தப் பயறுகளின் வழவழப்பான நார் பித்தத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போகும். ஈரல் புதிதாகப் பித்தம் செய்யக் கொலஸ்ட்ரால் தேட, உள்ளே குறைய, கதவு கூட, மறுபடி அதே கதைதான். மாத்திரையின் பாதையேதான், அளவு மட்டும் சின்னது. வெறும் வயிற்றில் பூண்டு பற்றி உங்கள் குடும்பக் குழுவில் வந்திருக்கும். ரசத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், படிப்பு முடித்த புதிதில் நானே தப்பு செய்திருக்கிறேன். எல்.டி.எல். 230 இருந்த ஒரு லாரி ஓட்டுநரை, ஒன்றரை வருடம் "பரோட்டாவைக் குறைங்க, நெய்யைக் குறைங்க" என்று சொல்லிச் சொல்லியே அனுப்பினேன். அவர் குறைக்கவில்லை என்று மனதுக்குள் கோபம் வேறு. குறைத்துத்தான் இருந்தார். 41 வயதில் நெஞ்சுவலியோடு வந்தபோதுதான் குடும்பத்தில் யார் யார் எப்படிப் போனார்கள் என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பிழைத்துக்கொண்டார், நல்ல வேளை.

இனி உங்கள் கணக்கு. ரோசுவாஸ்டாட்டின் 20 பொதுவாக எல்.டி.எல்.-ஐப் பாதிக்குக் கொண்டுவரும். 224 என்பது 112 ஆகும். அளவை இரட்டிப்பாக்கினால் இன்னும் பாதி இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், கூடுதலாக 6 விழுக்காடுதான் கிடைக்கும். காரணம், ஸ்ரெப் எழுப்பும் மரபணுக்களில் பி.சி.எஸ்.கே.9 என்று ஒரு வம்புக்காரனும் இருக்கிறான். கதவைப் பிடித்து, மேலே திரும்ப விடாமல் உள்ளே தள்ளி அழிப்பது அவன் வேலை. மாத்திரை கூடக்கூட கதவும் கூடுகிறது, கதவை உடைப்பவனும் கூடுகிறான். அதனால் குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெடிமைப் என்ற மாத்திரையைச் சேர்ப்போம். அது இன்னும் 20 விழுக்காடு குறைத்தால் 112 என்பது 90 ஆகும். உங்களுக்கு 100க்குக் கீழே கட்டாயம் வர வேண்டும், 70 பக்கம் வந்தால் இன்னும் நல்லது. பி.சி.எஸ்.கே.9-ஐத் தடுக்கும் ஊசிகள் நம் நாட்டிலும் வந்துவிட்டன, விலைதான் ஆசிரியர் சம்பளத்துக்குத் தாங்காது. அநேகமாக உங்களுக்கு அது தேவைப்படாது.

இப்போது அந்த ஒரு வரி. உங்கள் அப்பாவும் அத்தையும் கூடப்பிறந்தவர்கள். அத்தைக்கு 52 இல் பைபாஸ் என்றால் அதே பழுதான பிரதி அவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தால் அவர் மகனுக்கு, அதாவது உங்கள் கணவருக்கு, அது வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. உங்கள் கடிதத்தில் கணவரின் ரத்தப் பரிசோதனை பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. பயமுறுத்தச் சொல்லவில்லை. அத்தை மகனைக் கட்டுவது நம் பக்கத்தில் ஊரெல்லாம் நடப்பதுதான், அதைக் குற்றமாகச் சொல்ல நான் யார்? இருவருக்குமே இருந்தால் மகனுக்கு இரண்டு கெட்ட பிரதியும் வர நான்கில் ஒரு வாய்ப்பு, ஒன்று மட்டும் வர நான்கில் இரண்டு, ஒன்றுமே வராமலிருக்க நான்கில் ஒன்று. கணவருக்கு இல்லையென்றால் முதல் பிரிவே கிடையாது.

இரண்டும் கெட்ட குழந்தைக்கு, பெரும்பாலும் பத்து வயதுக்குள்ளேயே முழங்கை, முழங்கால், பின்பக்கத்தில் மஞ்சளாகக் கொழுப்புக் கட்டிகள் தெரிந்துவிடும். பையனைக் குளிப்பாட்டும்போது அப்படி எதுவும் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை, அதுவே பாதி நிம்மதி. மீதி நிம்மதிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டும். லிப்பிட் புரொஃபைல் என்று கேளுங்கள், சின்னப் பையனைப் பட்டினி போட வேண்டியதில்லை, சாப்பிட்டுவிட்டே போகலாம். எல்.டி.எல். 160க்கு மேல் இருந்தால் ஒருமுறை மறுபடி எடுத்து உறுதி செய்துகொண்டு, குழந்தை மருத்துவரைப் பாருங்கள். எட்டுப் பத்து வயதிலிருந்தே குறைந்த அளவில் ஸ்டாட்டின் தொடங்குவது இன்று வழக்கமாகிவிட்டது. 400, 500 என்று வந்தால் காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அப்புறம், உங்களுக்குத் தம்பி, தங்கை இருந்தால் அவர்களையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் மூன்று பேருமாக ஒரே நாளில் லேபுக்குப் போய்விட்டு வாருங்கள். உங்கள் மாமியார் இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறார், பைபாஸுக்கு முன்னால் அவருடைய எல்.டி.எல். எவ்வளவு இருந்தது என்று பழைய பைலைத் தேடிப் பார்த்து எழுதுங்கள். பீரோவில் இருக்கும் அட்டையில் காலாவதித் தேதியைப் பார்த்துக்கொண்டு, ஈரல் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்த அன்று இரவே தொடங்கிவிடலாம்.